ரப்பர் பொத்தானும் என் வாயும்

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவன் எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்கிறான். ஈப்போவில் நான் வேலை செய்யும் பேட்டரி கடைக்கே தேடி வந்துவிடுகிறார்கள். "மச்சான், கறுப்பா சின்னதா ஒன்னு விக்கிறான். ரொட்டி மாரி பெருசா ஒன்னு விக்கிறான். கேம் வெளாட எது நல்லது?" மூன்றாம் படிவத்தில் தேறாதவனிடம் யோசனை கேட்க இந்த ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதனால் கையில் இருக்கும் கிரீஸைத் துடைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி பதில் சொல்வேன்.

கறுப்பை எடு என்பேன். அதில் பொத்தான் எல்லாம் ரப்பர். அமுக்கினால் பல் முளைக்காத குழந்தையின் வாய்க்குள் விரல் விட்ட மாதிரி இருக்கும். சத்தமும் கொசு கத்துகிற அளவுதான். ஆனால் கேம் வருவது கேசட்டில்; வீட்டில் கிடக்கும் எந்தக் கேசட் ரேடியோவையும் ஒயரில் மாட்டிவிட்டால் கேம் ஏறிவிடும். பெரியதில் பாட்டு பிரமாதம், கலர் பிரமாதம், பொத்தான் டைப்ரைட்டர் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் அதற்கென்றே செய்த கேசட் பெட்டி ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டில் நீ ஒரு தண்டம், அது இன்னொரு தண்டம்.

"இவ்ளோ தெரிஞ்சவன், ஒன் வூட்ல ஏன் மச்சான் பெருச வச்சிருக்க? அதுவும் பெட்டி இல்லாம?" என்று போன மாதம் ஒருவன் கேட்டுவிட்டான்.

"பாக்க அழகா இருந்துச்சு லா" என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்.

எங்கள் தோட்டம் பீடோர் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே ரப்பர்ப் பால் இறக்க, பால்மரம் வெட்டப் போனவர். முதுகு போன பிறகு துரை பங்களாவில் புல்லு வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மேனேஜரைத்தான் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான். எங்கள் துரை உள்ளூர் ஆள். தமிழில் நன்றாகத் திட்டுவார்.

தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப் போவதாகச் சொன்னார்கள். துரை கோலாலம்பூருக்குக் கிளம்பினார். நாங்கள் ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. துரையின் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றை அப்பாவுக்கும், மிச்சத்தை ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணிக்கும் தருவதாகத் துரை சொல்லியிருந்தார். முதலில் எடுக்கும் உரிமை அப்பாவுக்கு.

அன்று அப்பா கொல்லையில் கால் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"டேய், எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. சனிக்கெழம வந்து பாத்து சொல்லு. நீ எத சொல்றியோ அதத்தான் கேப்பேன்."

மூன்றாம் படிவச் சோதனையில் நான் தோற்றதிலிருந்து அப்பா என்னிடம் பேசியதெல்லாம் "எங்கடா போன", "நவுரு", "தின்னுட்டுப் போ" அவ்வளவுதான். இப்போது என் யோசனை வேண்டும் என்கிறார். மறுநாளே பஸ் ஏறித் தாப்பாவுக்குப் போனேன். அங்கே ரேடியோ ரிப்பேர் கடைச் சீனன் ஒருவனிடம் இரண்டு சாதியும் இருந்தது. நாள் முழுக்க அவன் பக்கத்தில் நின்று தொல்லை கொடுத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். கறுப்புதான் என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. துரை முன்னால், கிராணி முன்னால், காரணத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும், அதை அப்பா பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று ஆசை.

சனிக்கிழமை பங்களாவின் பின்வாசல் மேசையில் இரண்டையும் வைத்திருந்தார்கள். கிராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் படியேறினார்.

"சொல்லுடா எக்ஸ்பர்ட்டு, எது வேணும்?" என்றார் துரை.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அப்பா குனிந்து, கறுப்பு மெஷினின் ஒரு பொத்தானை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அவருடைய விரல் வெடிப்பெல்லாம் பால் கறை ஏறிக் கறுத்துப் போனது. எந்தச் சோப்புக்கும் போகாது.

"என்னடா இது, கொழகொழன்னு இருக்கு?"

"ரப்பருப்பா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய்க்கு ஒன்று வந்துவிட்டால் என்னால் விழுங்க முடியாது.

"இதுலயும் ஒங்கள விடல பாருங்க. காலையில பெரட்டுல நின்னு பேரு குடுத்துட்டு, கத்தியோட வந்து ஒக்காருங்க. நல்லா பாலு எறங்கும்!"

இருட்டோடு எழுந்து ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. அப்பா இருபது வருஷத்துக்கு மேல் அதில் நின்றவர். பேர் கூப்பிட்டவர்களில் அந்தக் கிராணியும் ஒருவர்.

துரை தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கிராணி, "மங்கு மறந்துராதய்யா, பாலு கீழ ஊத்திரும்" என்று மரத்தில் கட்டும் கிண்ணத்தையும் சேர்த்துவிட்டார். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான். இன்றைக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அப்பா விரலை எடுத்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெருச குடுங்க தொரை."

"அப்பா, இல்லப்பா, கறுப்புதான் நல்லது…"

"வாய மூடு."

துரைக்கே சங்கடமாகிவிட்டது. "யோவ், அதோட கேசட் பெட்டி ரோசாக்யா. கெட்டுப்போச்சு. அது இல்லாம ஒரு வெளாட்டும் ஓடாது."

"பரவால்லங்க தொரை. எங்களுக்கு ரப்பர் பட்டது போதும்."

அப்பா மனசு மாறுவதற்குள் கிராணி கறுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அப்பா பெரியதைத் துண்டில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். எங்கள் லயத்து வீடு வரைக்கும் நான் பின்னாலேயே நடந்தேன். அவர் ஏறி மிதிக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஈப்போவில் இரண்டு அறை வீடு. டிவியில் மாட்டினால் நீலத் திரை வரும், அதில் ஒரு சின்னச் சதுரம் கண் சிமிட்டும். அவ்வளவுதான். அந்தக் கேசட் பெட்டியைத் தேடி நான் ஏறாத கடை இல்லை. பழைய கம்ப்யூட்டர் புத்தகத்தில் இருந்த புரோகிராமைப் பார்த்து ஒரு நாள் மத்தியானம் முழுக்க டைப் அடித்தேன். கடைசியில் ஒரு பந்து இங்கேயும் அங்கேயும் முட்டியது. சேமித்து வைக்கப் பெட்டி இல்லாததால், சுவிட்சை அணைத்தால் பந்தும் இல்லை, மத்தியானமும் இல்லை. மறுநாள் முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தேன். அம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு இங்கேருந்து பஸ்ஸு இருக்குல்ல? போயி ஒரு பெட்டு சொல்லி வக்கவா?" என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது.

அதைக்கூடத் தாங்கலாம். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தபோது அப்பா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் மேல் மூடியிருந்த துணியை எடுத்துக் காட்டி, "எம் மவன்தான் பாத்து எடுத்தான். ரெண்டு இருந்துச்சு. இதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான்" என்றார். என்னைக் காப்பாற்றினாரா, குத்தினாரா, இன்றுவரை தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளைகள் சுற்றிக்கொண்டன. "அண்ணே, கேம் போடுங்கண்ணே."

"இதான் கேமு. அந்தக் கட்டம் கண்ணு சிமிட்டுது பாரு, அதப் பாத்துக்கிட்டே இருக்கணும். யாரு மொதல்ல சிமிட்டுறாங்களோ அவங்க அவுட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து வெளியே போனார்.

கிராணி குடும்பமும் ஈப்போவுக்குத்தான் வந்திருந்தது. கறுப்பில் விளையாட அவர் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் மகன் வாசலிலேயே நின்று, "பெரட்டுக்கு வந்துட்டியா? பேரு குடு" என்பான். நாலாவது தடவை போகவில்லை.

ஒரு நாள் அப்பா ஜாகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போது அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவல். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "அப்பா, அன்னிக்கி நான் ஒங்கள சொல்லலப்பா" என்றேன்.

"சரி."

"நான் கறுப்பத்தான் கேக்க வந்தேன். தாப்பா வரைக்கும் போயி விசாரிச்சிட்டு வந்தேன்."

அப்பா அடுத்த காலை எடுத்து வைத்துக் கட்டினார்.

"கேட்டிருக்கலாம்ல" என்றார். சோத்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் எங்கள் டிவி கெட்டது. புதுசு வாங்க அப்பா கிளம்பினார். நான் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே இருப்பவன் பாசாரில் மீன் விற்கிறவன். டிவியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அதன் மேல் பூச்சாடி வைக்கலாம் என்பதுதான்.

"தம்பி, கொஞ்சம் தொணக்கி வாரீங்களா? பாத்து எடுக்கணும்."

இரண்டு பேரும் போய் வாங்கி வந்தார்கள். மீன்காரன் தரையில் உட்கார்ந்து பின்னால் இருந்த திருகாணியைத் திருகினான். படம் வரவில்லை. எந்தத் திருகாணியைத் திருக வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து நின்றேன்.

"பரவால்ல தம்பி, மெதுவா பாருங்க" என்றார் அப்பா.

அரை மணி நேரம் திரையில் வெறும் புள்ளியாகவே ஓடியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.