ரொறன்ரோ ஆளும் மொன்றியல் ஆளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் ஒரு திருகோணமலைக்காரனும் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். பக்கத்து ஜான்-டலோன் சந்தையில் ஒரே கடையில், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தக்காளிப் பெட்டி இறக்கினோம். அந்தக் கோடையில் ரொறன்ரோவிலிருந்து அவனுடைய அக்கா ஓயாமல் போன் எடுத்தார். அங்கே தொழிற்சாலையில் வேலை இருக்கிறது, தெருவுக்குத் தெரு தமிழ்க்கடை இருக்கிறது, பிரெஞ்சு தேவையில்லை, வந்து சேர். பனி விழமுதல் முடிவு சொல்கிறேன் என்று இவன் சொல்லி வைத்திருந்தான்.

அவன் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்களுக்குள் ஒரு இளந்தாரி இன்னொரு இளந்தாரியிடம் ‘போகாதே’ என்று சொல்வதில்லை. அது வழக்கத்திலேயே இல்லை. ஆகவே நான் பேஸ்போல் விளையாட்டைப் பற்றிக் கதைத்தேன்.

ரொறன்ரோ அணியில் ஒரு இரண்டாம் பேஸ்காரன், அதாவது மைதானத்தின் நான்கு மூலைகளில் இரண்டாவதைக் காக்கிறவன், இருந்தான். எங்கள் மொன்றியல் அணியிலும் ஒருவன் இருந்தான். இரண்டு பேரும் நட்சத்திரங்கள். நண்பனுக்கு ரொறன்ரோ ஆள், எனக்கு மொன்றியல் ஆள். இரவில் சின்ன ரேடியோவில் பிரெஞ்சு வர்ணனை கேட்போம். பாதிதான் விளங்கும். மீதியை ஆளுக்கொரு விதமாகக் கற்பனை செய்து, மறுநாள் கவிழ்த்த பெட்டிகளில் குந்தியிருந்து பாண் தின்றபடி சண்டை பிடிப்போம்.

“உன்ரை ஆள் பேஸ் பேஸாக் களவெடுக்கிறான். அதுக்குக் கைதட்ட வேறை சனம்,” என்பான். பந்து வீசுகிற கணத்தில் அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதைத்தான் அந்த விளையாட்டில் களவு என்பார்கள்.

“களவெடுத்தாலும் ஒரே இடத்திலை நிண்டு எடுக்கிறான். உன்ரை ஆளைப்போலை அணி மாறி ஓடேல்லை.”

“மாறினபடியால்தான் மச்சான் கிண்ணம் தூக்கினவன். பழைய இடத்திலை கிடந்திருந்தால் ஆருக்கு அவனைத் தெரியும்?”

அந்த இடத்தில் நான் பாணை வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போவேன்.

ஒருநாள் பேப்பரில் எல்லோருடைய சராசரியும் வந்தது. நாங்கள் கிரிக்கெற் பார்த்து வளர்ந்தவர்கள். அவனுடைய ஆளுக்கு நேரே முதலில் ஒரு புள்ளி, பிறகு மூன்று இலக்கம். எனக்குக் கொண்டாட்டம்.

“இஞ்சை பார். உன்ரை ஆளின்ரை சராசரி ஒரு ரன்கூட இல்லை. எங்கடை பள்ளிக்கூடத்திலை கடைசியா இறங்கிறவனே ஆறு வைச்சிருந்தவன்.”

அவன் பேப்பரைப் பறித்துத் தேடினான். “உன்ரை ஆள் அதிலும் கீழை கிடக்கிறான்.”

இவர்களுக்கா இவ்வளவு ஆரவாரம் என்று இருவரும் ஒரே கட்சியானோம். கடைக்கார இத்தாலியர் என்னவென்று கேட்டார். உடைந்த பிரெஞ்சில் சொன்னோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது ரன் கணக்கில்லையாம். பத்துத் தரம் அடிக்கப் போனால் எத்தனை தரம் சரியாக விழுகிறது என்ற கணக்காம். பத்துக்கு மூன்று விழுந்தால் அவன் ராசா.

“பத்துக்கு மூண்டோ?” என்று நண்பன் என்னைப் பார்த்தான். “அப்ப நீ பள்ளிக்கூடத்துக் கணக்குச் சோதனையிலை பெரிய நட்சத்திரமாய் இருந்திருக்கிறாய்.”

இலைகள் கொட்டி முடிந்த நேரம் அவன் இன்னொரு பேப்பரோடு வந்தான். எங்கள் அணி என்னுடைய ஆளை ஒரு அமெரிக்க நகரத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு இளம் பந்துவீச்சாளனை எடுத்திருந்தது. அந்த விளையாட்டில் ஆட்களை அப்படித்தான் மாற்றிக்கொள்வார்கள்.

“நிண்டவனையும் அனுப்பிப்போட்டாங்கள், பாத்தியே,” என்றான். அவன் குரலில் வெற்றி இல்லை. பேப்பரை மடித்தபடி, “அக்காவுக்குச் சொல்லிப்போட்டன். சனிக்கிழமை போறன்,” என்றான்.

எனக்குப் பதிலாக முன்னால் நிறுத்தி வாதாட இனி அந்த ஆட்டக்காரனும் இல்லை.

“போகாதை மச்சான்,” என்றேன்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். “கள்ளா, கொஞ்சம் விட்டிருந்தால் நம்பியிருப்பன்.”

நாள் முழுக்க நக்கலடிக்கிறவன் ஒருமுறை நேராகச் சொன்னால் எவன் நம்புவான்? நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை அவன் போனான். திங்கட்கிழமை கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். ரொறன்ரோவுக்குப் போய்விட்டான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பூசணிக்காய் ஒன்றைத் துடைத்தபடி, “பதிலுக்கு ரொறன்ரோ யாரை அனுப்புகிறது?” என்று கேட்டார்.

வேறொரு நாளென்றால் அதற்கு நல்ல பதில் வைத்திருப்பேன்.

“ஒருவரையும் இல்லை,” என்றேன். அவர் பூசணிக்காயை வைத்துவிட்டு வந்து, நான் தூக்கப்போன தக்காளிப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.