போயாச்சு, சேச்சி

முதல்லயே சொல்லிடறேன். கிட்டத்தட்ட ஒரு மாசம், நானே எழுதி வச்ச ஒரு பொய்யை நானே தினம் காலையில படிச்சு, நம்பி, நிம்மதியா சாயா குடிச்சிருக்கேன்.

ரெண்டாயிரங்களோட கடைசி. மட்டாஞ்சேரியில ஒரு அரிசி குடோனுக்கு மேல எனக்கு ஆபீஸ். ஆபீஸ்னா ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கீழேர்ந்து ஏறி வர்ற சாக்குத் தூசி. கும்பளங்கியில வீட்டு அறையை டூரிஸ்டுகளுக்கு விடுறவங்க சில பேர் இருந்தாங்க. அவங்க அறை காலியா இருக்கா, மூடியிருக்கான்னு புக்கிங் கம்பெனியோட சைட்டுக்கு அனுப்பறது என் வேலை. தினம் கையால அடிக்க அலுப்பு. அதனால ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையா செய்ய வேண்டிய கட்டளைகள், எழுதினேன். ஒரு ஃபைல்ல ‘மூடல்’னு மாத்தி வச்சாப் போதும், காலையில அது தானா கம்பெனி சர்வருக்குப் போயிடும். வேலை முடிஞ்சதும் ஸ்கிரீன்ல ‘போயாச்சு’ன்னு காட்டணும்னு கடைசி வரியில எழுதியிருந்தேன்.

சர்வர் அனுப்பற பதில் நீளநீளமா வந்து கண்ணை உறுத்திச்சு. அதை உக்காந்து வாசிக்க யாரால முடியும்? பதிலை எனக்குக் காட்டாம குப்பையில தள்ளுன்னு இன்னொரு வரி சேர்த்தேன். இதைப் பெரிய சாமர்த்தியம்னு வீட்டுல போய்ச் சொன்னேன். பொண்டாட்டி “ஓ”ன்னுட்டு மீன் கழுவப் போயிட்டா.

மழைக்காலம் தொடங்கறப்ப கம்பெனிக்காரங்க மெயில் போட்டாங்க. இனிமே தகவல் எல்லாம் ஜேசன்ல வரணுமாம். ஜேசன்னா தகவலை எழுதற ஒரு முறை, பயப்பட ஒண்ணுமில்ல. வளைஞ்ச பிராக்கெட்டுக்குள்ள இந்தப் பக்கம் ‘அறை’, அந்தப் பக்கம் ‘மூடல்’, நடுவுல ரெண்டு புள்ளி. சாயா ஆறறதுக்குள்ள மாத்திட்டேன். ஸ்கிரீன் ‘போயாச்சு’ன்னுச்சு.

அதுக்கப்புறம்தான், அறை விடறவங்கள்ல நான் சேச்சின்னு கூப்பிடற ஒரு அக்கா போன் பண்ணினாங்க. கும்பளங்கியில காயலை ஒட்டி வீடு, வாடகைக்கு விடறது ஒரே ஒரு அறை. அவங்க வீட்டுக்காரர், சேட்டன், இறந்த பிறகு அவங்க வீட்டுல அடுப்பு எரியறது அந்த அறையாலதான். பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு, பச்ச உடம்பு, அந்த அறையை அவளுக்குக் கொடுக்கணும், மூணு மாசத்துக்கு யாரும் வராமப் பாத்துக்கோ மோனேன்னாங்க. என்னை எப்பவும் மோனே, மகனேன்னுதான் கூப்பிடுவாங்க. புக் பண்ணி வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா கம்பெனி சைட்டுலேர்ந்து வீட்டையே எடுத்துடும். அந்தப் பயம் அவங்களுக்கு எப்பவும் உண்டு. அதனால ஒழுங்கா மூடுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. மூடினேன். மறுநாள் போன்லயே “போயாச்சு சேச்சி”ன்னேன்.

சேச்சிக்கு ஈமெயில் கிடையாது. புக்கிங் வந்தா என் மெயிலுக்குத்தான் தகவல் வரும். அறைதான் மூடியாச்சே, என்ன வந்துடப்போகுதுன்னு நான் அதைத் திறக்கவே இல்ல.

ஒரு மத்தியானம் மறுபடி போன். வயசான வெள்ளைக்காரர் ஒருத்தரும் அவரோட மனைவியும் பெட்டியோட முற்றத்துல மழையில நிக்கிறாங்களாம். வீடு மாறி வந்திருப்பாங்க சேச்சின்னு ரொம்பத் தெளிவா சொன்னேன். அவங்க கையில இருக்கற காகிதத்துல என் வீட்டுப் பேர் இருக்கேன்னாங்க. கும்பளங்கி பஸ்ஸைப் பிடிச்சேன்.

நான் போய்ச் சேர்றப்ப அந்த ரெண்டு பேரும் அறையில நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தாங்க. பொண்ணும் குழந்தையும் அடுக்களையை ஒட்டின விறகு அறையில. ஈர விறகு, அந்தப் புகை. குழந்தை இருமி இருமி அழுதுக்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு முந்தானையால அது முகத்துக்கு விசிறிக்கிட்டே என்னை ஒரு தடவை பாத்தா. எந்த எடத்துலயும் ஏதாவது ஜோக் சொல்லி சமாளிக்கிறவன் நான். அன்னைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சேச்சியைத் தேடிப் போனேன்.

திருப்பி அனுப்பினா பேர் போயிடும், வேற என்ன செய்யன்னு சேச்சி கேட்டாங்க. நான் பக்கத்துல, என் மூலமா அறை விடற இன்னொருத்தரோட வீட்டுக்குப் போனேன். மழைக்காலமானதால அங்க அறை காலி. திரும்பி வந்து விருந்தாளிங்க எழுந்திருக்கற வரைக்கும் காத்திருந்து, விஷயத்தைச் சொன்னேன். குழந்தை அழற சத்தம் கேட்டதும் அந்தம்மாவே பெட்டியை மூட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பெட்டியையும் சேத்துல நான்தான் தூக்கிக்கிட்டு நடந்தேன். அதுக்குள்ள என்ன கல்லா வச்சிருந்தாங்களோ.

ஆபீசுக்கு வந்து, பதிலைக் குப்பையில தள்ளற வரியை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். சர்வர் பாவம், ஒரு மாசமா தினம் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. ‘மேல நீ குறிச்சிருக்கற வகையை நான் எடுத்துக்கறதில்ல’ன்னு. உள்ள ஜேசனை வச்சேனே ஒழிய, இது ஜேசன்னு வெளியில ஹெடர்ல, அதாவது மேல ஒட்டற சீட்டுல, சொல்லவே இல்ல. சொல்லலைன்னா பழைய ஃபாரம் வகைன்னு ஸ்கிரிப்ட்ல இருக்கற அனுப்பற கட்டளை தானாப் போட்டு அனுப்பிடும். சர்வர் வாசல் வரைக்கும் போய், உள்ளேர்ந்து ஏதோ ஒரு குரல் கேட்டாப் போதும், அந்தக் கட்டளைக்கு வேலை முடிஞ்சுது, ஸ்கிரிப்ட் ‘போயாச்சு’ன்னு காட்டிடும். அந்தக் குரல் ‘திருப்பி எடுத்துட்டுப் போ’ன்னாலும் அதுக்குக் கவலை இல்ல. ‘இது ஜேசன்’னு நடுவுல ஒரே ஒரு வரி சேர்த்தேன். அறை மூடிச்சு. எனக்கு சந்தோஷம்கூட வரல, உடம்பெல்லாம் அசதிதான்.

ஞாயித்துக்கிழமை சேச்சி வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் விளக்கினேன். எங்க குடோன்ல சாக்கு மேல மார்க் இல்லைன்னா உள்ள நல்ல அரிசியே இருந்தாலும் இறக்க மாட்டாங்க, அது மாதிரின்னேன். சேச்சி குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க. கடைசியா, கம்ப்யூட்டர் ‘போயாச்சு’ன்னு சொல்லிச்சு சேச்சி, நான் நம்பிட்டேன்னேன்.

சேச்சி தட்டறதை நிறுத்தினாங்க. அன்னைக்கு மோனேன்னு கூப்பிடல.

“கம்ப்யூட்டர் எங்க சொல்லிச்சு? நீ எழுதி வச்சதை அது காட்டிச்சு. அடுத்த தடவை போன் பண்றப்ப, கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. நீ என்ன நெனச்சேங்கறது எனக்கு வேண்டாம்.”