தள்ளாமல் போகும் பஸ்

எங்கள் வழிக்கு விட்டிருக்கும் புதுப் பஸ்ஸில் இன்று காலை கரவெட்டியில் ஏறினேன். சீற்றுகளின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

நீர்வேலியில் ஒருவர் வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏற்றி முடிக்கும்வரைக்கும் எஞ்சின் சும்மா ஓடுவானேன் என்று சாரதி அதை நிறுத்தினார்.

உடனே பின் சீற்றில் இருந்த நான்கு பேர் எழுந்து இறங்கினார்கள். ஒருவர் இறங்கும்போதே சறத்தை மடித்துக் கட்டினார்.

சாரதி தலையை வெளியே நீட்டினார். "அண்ணை, எங்கை போறியள்?"

"பின்னுக்கு. தள்ள."

பழைய பஸ்ஸின் எஞ்சின் நின்றால், தள்ளினால்தான் திரும்ப ஓடும். இந்த நால்வர் தள்ளித்தான் இத்தனை வருடமும் நான் வேலைக்கு நேரத்துக்குப் போனேன். யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. நானும் ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லை.

சாரதி சாவியைத் திருப்பினார். ஒரே திருகலில் எஞ்சின் ஓடியது.

"ஏறுங்கோ அண்ணை. இது தன்ரை பாட்டிலை போகும்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. சறம் கட்டியவர் கடைசியாக ஏறினார். தள்ளக் கைவைத்தபோது புதுப் பெயின்றில் பதிந்த தன் கைத்தடத்தைத் துவாயால் துடைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

இனியும் நன்றி சொல்லாமல் இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "பெரிய உபகாரம் அண்ணை" என்றேன்.

அவர் விழித்தார். "இண்டைக்கு நாங்கள் தள்ளேல்லையே, பிள்ளை?"

உங்கள் பஸ்ஸைத் தள்ளியவர்கள் யார்? கீழே எழுதுங்கள். என்னைப் போல் பிந்தியாவது நன்றி சொல்லிவிடலாம்.