சுல்தானின் கட்டளையும் கிளி அக்காவின் மெஷினும்

எங்கள் ஆட்களுக்கு லமினேற் பண்ணாத கடதாசி கடதாசியே இல்லை. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளை பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டம் ஓடி வாங்கிய பத்திரம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போனால்தான் எங்களுக்கு நித்திரை வரும்.

கிளி அக்காவுக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலைக் கடந்தபோது படகுக்குள் ஏறிய தண்ணீரில் அவருடைய பிறப்புச் சான்றிதழ் ஊறி, மை ஓடி, பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறைதான் மிஞ்சியது. மொன்றியலுக்கு வந்து அகதி வழக்கில் அதை நீட்டினால், அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். வழக்கு ஒருவழியாக வென்றது. ஆனால் அன்று புகுந்த பயம் இன்றுவரை வெளியே வரவில்லை. மொன்றியலின் பியர்ஃபொன்ட்ஸில் சொந்த வீடு, கையில் கனடாக் கடவுச்சீட்டு, எல்லாம் இருந்தும் அரசாங்கக் கடித உறை வந்தால் இரண்டு நாளைக்கு அதைத் திறக்கமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வேலை கிடைத்ததும் கடதாசிகளுக்கு நடுவில்தான். பக்கத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் றெக்ஸ் என்ற எங்கள் பெடியன் நடத்தும் பிரதி எடுக்கும் கடை. அங்கே அரை ஆள் அகலத்துக்கு ஒரு லமினேற்றிங் மெஷின் நிற்கிறது. அதைக் கிளி அக்கா பிள்ளை மாதிரித் துடைப்பார்.

இந்த மாசியில் கோயில் நோட்டீஸ் அடிக்க நான் போயிருந்தபோது எலியாஸ் என்ற வயதானவர் வந்தார். சிரியாவில் அலெப்போப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருடைய பிரெஞ்சும் உடைந்தது, அக்காவின் பிரெஞ்சும் உடைந்தது. இரண்டும் நன்றாகவே பொருந்தின.

துணியை அவிழ்த்து அவர் ஒரு நீளமான கடதாசியை விரித்தார். தலைப்பில் பொன்னிறத்தில் வளைந்து சுழித்த ஒரு பெரிய கையொப்பம். கீழே வரிகள் எல்லாம் இடது பக்கம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அது ஃபர்மானாம், சிரியாவை முன்பு ஆண்ட உஸ்மானிய சுல்தானின் கட்டளை. அந்தக் காலத்தில் தேவாலயக் கூரை ஒழுகினாலும் சுல்தானின் அனுமதி இல்லாமல் அதில் கைவைக்க முடியாதாம். அவருடைய ஊர்ச் சனம் கூரையைத் திருத்த வாங்கிய அனுமதி இது. தேவாலயம் போரில் தரைமட்டமாகிவிட்டது. அனுமதி மட்டும் எலியாஸின் சட்டைக்குள் இருந்து கனடாவுக்கு வந்துவிட்டது. அன்று பின்னேரம் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க ஒரு கலர்ப் பிரதி வேண்டும் என்றார். கோப்பி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

பிரதி அருமையாக வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"பாவம், அசல் ஓரமெல்லாம் உடைஞ்சு கொட்டுது," என்றார் அக்கா. "நல்ல மனிசன். காசில்லாமலே லமினேற் செய்து குடுப்பம்."

எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. நானும் இந்த ஆட்களில் ஒருவன்தானே.

சுல்தான் தலை முதலாக மெஷினுக்குள் போனார். பாதி போனதும் ஒரு பொசுங்கல் வாடை. பழைய கடதாசியின் மினுக்கம் பிளாஸ்டிக்குக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அக்கா ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார். உருளைகள் நின்றன. ஆனால் சூடு நிற்கவில்லை. கடதாசியின் மறுபாதி மெஷினின் வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

 அக்கா றெக்ஸுக்குப் போன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, அழாதேங்கோ. பச்சையை அமத்தி முழுக்க விடுங்கோ. ஒரே சீரா வந்திடும். அந்தாள் கேட்டா, இதுதான் இஞ்சத்தை முறை எண்டு சொல்லுங்கோ. அவருக்கு என்ன தெரியும்?"

அக்கா பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். அமர்த்தியிருந்தால் பிழை வெளியே தெரிந்திருக்காது. ஆனால் எதிரே உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்க, தான் பொய் சொல்லி நம்பவைப்பதை நினைக்கவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. உருளையைத் தளர்த்தி, பிளாஸ்டிக்கை வெட்டி, கடதாசியை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தார். மேல்பாதி, கையொப்பத்தோடு, பிளாஸ்டிக்குக்குள் வெந்து கிடந்தது. கீழ்ப்பாதி பிளாஸ்டிக் படாமல் தப்பியிருந்தது.

"என்னைத் திருப்பி அனுப்புவாங்களோ?"

"அக்கா, நீங்கள் சிட்டிசன்."

"சிட்டிசன் எண்டாலும்..." என்று இழுத்தார் அக்கா. கடைக்கு வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டார். பின்கதவால் போய்விடலாமா என்று இரண்டு தடவை குளிர் ஜாக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். நானும் பின்கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், உண்மையைச் சொன்னால் என்ன.

எலியாஸ் சிரித்துக்கொண்டே வந்தார். "போன்ஜூர்" என்று அவர் வாய் மூட முதலே அக்கா சொல்லிவிட்டார். "நான் செய்தேன். மெஷின் இல்லை. நான்."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. பிளாஸ்டிக்கை விரலால் தடவினார், நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. குனிந்து, தப்பியிருந்த கீழ் ஓரத்தில் முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். 

"கோபமா?" என்று அக்கா கேட்டார்.

"பயம்," என்றார் அவர். "இது என்னுடையது இல்லை. ஊருடையது. நான் பத்திரமாகக் கொண்டுபோவேன் என்று நம்பித் தந்தார்கள். எத்தனை சோதனைச் சாவடி. ஒன்றிலும் இதற்கு ஒரு கீறல் விழவில்லை. இப்போது ஒரு கடையில் விட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?"

அந்தக் கடைசிக் கேள்வி அக்காவை எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும்.  அவர் ஜாக்கெட்டை எடுத்து, இம்முறை போட்டுக்கொண்டார்.

"கடையை ஒருக்காப் பாரும் தம்பி. நான் இவரோடை போயிட்டு வாறன்."

"என்னத்துக்கு அக்கா? அங்கை எல்லாரும் சேர்ந்து ஏசுவினம்."

"ஏசட்டும். அவர் தனியப் போய் நிண்டா நம்பமாட்டினம்."

இரண்டு பஸ் மாறிப் போனார்களாம். வழியெல்லாம் அக்காவின் மடியில் சுல்தான், வாயில் முருகன். எலியாஸின் ஆட்களுடைய சின்னத் தேவாலயத்தின் பக்கக் கதவுக்கு வந்ததும் எலியாஸ் நின்றுவிட்டார். உள்ளே கிழவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அழைப்பு மணியின் பொத்தானை அமர்த்தக் கையை உயர்த்தி உயர்த்திக் கீழே விட்டாராம் மனிதர்.

அமர்த்தியது கிளி அக்கா.