பெரட்டில் இல்லாத பெயர்

ஒரே ஒரு சொல்லை எழுதி ஒரு மனிதனை ஒன்றேகால் வருஷம் அனாதையாக்கியவன் நான். ‘இல்லை’ என்பதுதான் அந்தச் சொல். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செல்லையாவின் கதையைச் சொல்வதென்றால் இதை மறைத்துவிட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது.

மலாயாவில், தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு என் பொறுப்பு. கூப்பிட்டதும் ‘ஐயா’ என்று குரல் வர வேண்டும். வந்தால் ஆளுக்கு வேலை உண்டு, அரிசி உண்டு. பெயரை நான் அடித்துவிட்டால் ஆள் செத்துப்போயிருக்க வேண்டும், இல்லை ஓடிப்போயிருக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்கள் யாரைப் பற்றியும் ‘உயிரோடு இருக்கிறாரா’ என்று கேட்கமாட்டார்கள், அவர்களுக்கு நாக்கு கூசும். ‘பெரட்டில் பேர் இருக்கா’ என்றுதான் கேட்பார்கள்.

செல்லையா தொழிற்சாலை அடுப்பில் விறகு தள்ளுகிறவன். பேச்சு கொஞ்சம், கோபம் நிறைய. அவனை ஒரு பார்வையில் உட்காரவைக்கத் தெரிந்தவள் அவன் மனைவி மணியம்மா ஒருத்திதான். பிள்ளை கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அவளும் அவளுக்கு அவனும்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடினார், அடுப்பு அணைந்தது. நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த பட்டியலில் செல்லையா பெயர் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மலையில் உப்புக்குப் பஞ்சம். கடற்கரையில் தங்கி உப்புக் காய்ச்சி அனுப்ப மூன்று பேர் வேண்டும் என்றான் ஜப்பான் அதிகாரி. நெருப்போடு பழகியவன் என்று சொல்லிச் செல்லையாவை அதில் நுழைத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் செய்தது நல்ல காரியம்தான்.

லூமுட் பக்கத்தில், காடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் கூடாரம் போட்டார்கள். இலை உலர்த்தும் சாக்குத் துணிதான் கூரை, காட்டுக் கம்புகள்தான் கால்கள். முதல் பௌர்ணமிக்கே அலை ஏறி வந்து கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மலையில் தண்ணீர் மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே ஏறும் தண்ணீரை அவர்கள் கண்டதே இல்லை. பிறகு மரங்களுக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கூடப் போன இருவரில் மாடசாமி மூன்றாம் மாதம் குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தங்கையா விறகு பொறுக்கப் போனவன் திரும்பவில்லை. செல்லையா மட்டும் மிஞ்சினான்.

அந்தத் தனிமையை அவன் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் என்னிடம் சொன்னான். பகலெல்லாம் வெட்டிய இரும்புப் பீப்பாயில் கடல் தண்ணீர் கொதிக்கும். உப்பு அடியில் படியும்வரை விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அலை ஒரு நிமிஷம் வாயை மூடாது, ஆனால் பேச ஒரு ஆள் கிடையாது. குரங்குகள் வந்து மரவள்ளிக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு போகும். திட்டுவதற்காவது ஏதோ வருகிறதே என்று சந்தோஷமாக இருக்குமாம். மலைக்குளிருக்கு ஏங்கிப்போய் ஈர மணலில் முதுகை வைத்துப் படுத்துக் கிடப்பானாம். விடிந்ததும் கூடாரத்துக்கு முன்னால் நின்று தன் பெயரைத் தானே கூப்பிட்டு ‘ஐயா’ என்பான். அடுத்து ‘மணியம்மா’ என்று கூப்பிட்டு அதற்கும் அவனே ‘ஐயா’ என்பான். அதன் பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பான்.

மாதம் ஒருமுறை மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து நசுருதீன் பாயின் லோரி வரும். கிழங்கையும் காலிச் சாக்குகளையும் இறக்கிவிட்டு உப்பை ஏற்றிக்கொண்டு போகும். சாக்குகளைத் தோட்டத்தில் தைத்துத் தாப்பாவுக்கு அனுப்புவோம். பாய் மலையேறியதே இல்லை, தோட்டத்துச் சேதி எதுவும் அவருக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத மணியம்மா, கிழிந்த சாக்குகளைத் தன் பழைய சேலையில் உருவிய சிவப்பு நூலால் தைப்பாள். அந்த நூல்தான் அவள் கடிதம். தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவன் சாப்பிட உட்காருவான்.

நாற்பத்து நாலில் ஒரு மாதம் சாக்குகள் சணல் நூலோடு வந்தன. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவனுக்குப் பொறுக்கவில்லை. பாயிடம் சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதவைத்தான்: ‘மணியம்மா பேர் பெரட்டில் இருக்கா?’

சீட்டு என் மேசைக்கு வந்தபோது ஜப்பான் அதிகாரி என் தலைக்கு மேலே நின்று கத்திக்கொண்டிருந்தான். மணியம்மாவையும் இன்னும் நாற்பது பெண்களையும் காய்கறி போட லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு அனுப்பி மூன்று மாதமாகியிருந்தது. அவர்கள் பெயரெல்லாம் வேறு ஒருவன் புத்தகத்துக்குப் போய்விட்டது. நான் என் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் பெயர் இல்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதும் கிராணிப் புத்தி. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அவன் அழவில்லையாம். பக்கத்துக் கம்போங்கில் குடியிருந்த மலாய்க்கார மீனவர் ஒருவரிடம் சவரக் கத்தி வாங்கி, கடல் தண்ணீரில் தலையை நனைத்துத் தானே மொட்டையடித்துக்கொண்டான். அரிசி இல்லாததால் மரவள்ளி மாவில் பிண்டம் பிடித்தான். காட்டு இலையில் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டான், நண்டுதான் வந்தது. மறுநாள் பெரட்டில் ஒரு பெயர்தான் கூப்பிட்டான்.

சண்டை முடிந்தது. உப்பு லோரி நின்றது. அவன் நகரவில்லை. மலையில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? கருவாடு போடும் மீனவர்களுக்கு உப்பைக் கொடுத்து மீன் வாங்கித் தின்றுகொண்டு அங்கேயே கிடந்தான்.

தீபாவளிக்கு முன்னால், லெம்பா பெர்த்தாமிலிருந்து திரும்பிய மணியம்மா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கறுத்து இளைத்திருந்தாள், கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

“சயாமுக்குப் போனவங்கள்லகூட நாலு பேரு வந்துட்டாங்க ஐயா. உப்புக் காய்ச்சப் போன மனுசனுக்கு வழி தெரியலையா?”

எனக்கு அந்தச் சீட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சீட்டு விஷயத்தை மறைத்து, அவளைத் தாப்பாவுக்குக் கூட்டிப் போய் நசுருதீன் பாயைக் கெஞ்சி லோரியில் ஏறினேன்.

நாங்கள் போய் இறங்கியபோது அவன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். மணியம்மா அவன் பெயரைச் சொல்லும் பழக்கமில்லாதவள், இருமினாள். திரும்பிப் பார்த்தவன் எழுந்து பின்னால் நகர்ந்தான், இன்னும் இரண்டடி நகர்ந்தான். முழங்கால்வரை அலையில் நின்றான். பார்வை அவள் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. மறுபடி முகத்துக்குப் போகவில்லை, என்னிடம் வந்தது.

“கிராணி ஐயா, இவ பேரு பெரட்டுல இருக்கா?”

அன்றைக்கும் இல்லை. அவள் பெயர் இன்னும் காய்கறித் தோட்டத்துப் புத்தகத்தில்தான் கிடந்தது.

“இருக்கு, செல்லையா” என்றேன். அவன் தண்ணீரைவிட்டு வெளியே வந்தான்.