கை வைத்த இடம்

சாலைக் கடைத்தெரு முடிந்து கிள்ளிப்பாலம் தொடங்கும் இடத்தில் பகவதிப்பெருமாள் பிள்ளையின் மோட்டார் ஒர்க்‌ஷாப் இருந்தது. அங்கே மின்சார வேலை பார்த்தவன் சத்தியநேசன். பாறசாலைக்காரன். கொழும்பில் ஒரு கராஜில் ஆறு வருஷம் இருந்து வேலை படித்தவன். ஓடுகிற டைனமோவின் மேல் உள்ளங்கையை வைப்பான். சூட்டைக் கொண்டே உள்ளே என்ன கேடு என்று சொல்லிவிடுவான். அது தவிர அவனிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டதற்கு மறுவருஷம், மராமத்து ஓவர்சியர் நீலகண்டய்யரின் மோட்டார் சைக்கிள் முதல் தடவையாக வந்தது. என்ஜினுக்குக் கோளாறு இல்லை. அந்த வண்டிகளில் என்ஜின் ஓடப் பாட்டரி வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள மாக்னெட்டோ பார்த்துக்கொள்ளும். விளக்குக்கும் ஹாரனுக்கும்தான் பாட்டரி. ஓடும்போது டைனமோ அதற்குச் சார்ஜ் ஏற்றும். ஏறுகிறதா என்பதை ஹெட்லைட்டின் மேலிருக்கும் மீட்டர் காட்டும். முள் வலப்பக்கம் சாய்ந்தால் ஏறுகிறது. அய்யர் வண்டியில் முள் நடுவிலேயே நின்றது.

டைனமோவுக்குள் கார்பன் தேய்ந்திருந்தது. சத்தியநேசன் புதிது போட்டான். முள் சாய்ந்தது. வண்டி வலியசாலை அக்ரகாரத்தில் அய்யர் வீட்டுக்குப் போயிற்று.

பதினேழாம் நாள் திரும்பி வந்தது. புதுக் கார்பன் தன் கூட்டுக்குள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது உரசவேண்டிய செப்பு வளையத்தில் பச்சைக் களிம்பு. துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பாட்டரியும் தளர்ந்திருந்ததால் வேறு மாற்றினான். மூன்றே வாரம். டைனமோவில் மறுபடியும் களிம்பு. இந்தத் தடவை புதுப் பாட்டரியின் முனைகளிலும் களிம்பு.

"சத்தியநேசன் கைராசி அப்பிடி, கேட்டேளா" என்றான் அங்கே பிட்டர் வேலை பார்த்த பூதலிங்கம். "தொட்டது துலங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியநேசன் சிரிக்கவில்லை. அது சரியாகத்தான் இருந்தது. அவன் கை வைத்த இடமெல்லாம் கெட்டிருந்தது. கை வைக்காத மாக்னெட்டோ, டைனமோவை ஒட்டியே இருப்பது, உலர்ந்து சுத்தமாக இருந்தது.

நான்காம் தடவை வண்டி மாட்டுவண்டியில் ஏறி வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து அந்தி மயங்கித் திரும்பிய அய்யர், விளக்கு செத்துப்போய், பாலராமபுரத்தில் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் மோதியிருந்தார். இடதுகை பிசகிவிட்டது.

பகவதிப்பெருமாள் பிள்ளை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"லேய், அய்யருக்க கழுத்து ஒடிஞ்சிருந்தா நம்ம ஷாப்புக்கு எவம்லே வருவான்? இன்னொரு மட்டம் இந்த வண்டி திரும்பி வந்தா நீ வேற இடம் பாத்துக்கிடணும். சொல்லிட்டேன்."

"எனக்க பெழை இல்ல மொதலாளி."

"பின்ன ஆருக்க பெழை? வைக்கோலுக்க பெழையா?"

"கண்டுபிடிக்கேன்."

அவன் மனைவி ராகேலுக்கு அது ஏழாம் மாதம். விஷயத்தைச் சொன்னபோது அவள் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு, "ஜெபம் பண்ணிட்டுத் தொடுங்க" என்றாள். "பண்ணிட்டுத்தான் தொடுகேன்" என்றான் அவன்.

மறுநாள் டைனமோவைத் திறந்தவன் துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் போயிருக்கிறது. மழையென்றால் மாக்னெட்டோவும் நனைந்திருக்கவேண்டும். ஆற்றில் இறக்கியிருந்தால் சக்கர அச்சில் மணல் இருக்கவேண்டும். இந்தத் தண்ணீர் அவன் வேலை செய்த இடத்தை மட்டும் தேடிப் போயிருந்தது. கார்பன் கூட்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. பாட்டரி ஆசிட் அங்கே வர வழியில்லை. கறையை நகத்தால் சுரண்டிக் காகிதத்தில் எடுத்துக்கொண்டான்.

"பூதலிங்கம், இத்திரி சுண்ணாம்பு தாரும்."

"என்னவே, வேதக்காரன் வெத்தில போடத் தொடங்கியாச்சா?"

சுண்ணாம்பைத் தொட்டுக் கறையின்மேல் தேய்த்தான். சிவந்தது. ஆரத்தித் தட்டில் சிவப்பது போலச் சிவந்தது. பூதலிங்கம் எட்டிப் பார்த்து, "மஞ்சளு" என்றான். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

சத்தியநேசன் டைனமோவையும் பாட்டரியையும் சரி செய்தான். வேலைச் சீட்டு எழுதும்போது, டைனமோ, பாட்டரி என்று எழுதி, அதற்குக் கீழே டூல் பாக்ஸ் என்றும் எழுதினான். டூல் பாக்ஸை அவன் தொடவேயில்லை. வண்டியை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, தள்ளிக்கொண்டே வலியசாலைக்குப் போனான்.

அய்யர் கைக்கட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாலாம்பாள் வாசலுக்கு வந்தாள். ஈரப்புடவை. கையில் குடம், அதன் வாயில் சொம்பு.

"ஸ்டாண்ட் போட்டுட்டுத் தள்ளி நில்லு. சீட்டைப் படியிலே வை."

அவன் படியில் வைத்தான். அவள் இரண்டு சொட்டுத் தெளித்து எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"டைனமோ. அது எது?"

தெருவிலிருந்தே விரல் நீட்டிக் காட்டினான். அவள் அதன்மேல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பிறகு இன்னொன்று. மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போவது அவனுக்குத் தெரிந்தது.

"பாட்டரி?"

காட்டினான்.

"டூல் பாக்ஸ்?"

கை எழும்பவில்லை. "சொல்லேன், நேரமாறது" என்றாள். காட்டினான். அவள் மூடியைத் தூக்கி அதற்குள்ளும் ஒரு சொம்பு ஊற்றினாள். ஸ்பானர்கள் கிணுங்கின.

"வண்டி பூராவும் தெளிச்சாப் போறும். கை வச்ச இடத்துக்கு மட்டும் ரெண்டு சொம்பு கூட விடணும். பூஜை ரூமைத் தாண்டித்தானே பின்கட்டுக்குக் கொண்டு போகணும்? வேற வழியில்லையே."

அவள் குரலில் கோபமோ வெறுப்போ இல்லை. மோரில் உப்பு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மா, அதுக்குள்ள தண்ணி போகப்படாது. போனா வெளக்கு எரியாது."

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வெளக்கு எரியத்தானே நீ ரிப்பேர் பண்றே?"

"ஆமா."

"அப்போ நன்னாப் பண்ணு. அவர் பாவம், இருட்டிலே வரார்."

அன்று சாயங்காலம் கண்டதை அப்படியே பிள்ளையிடம் சொன்னான். பிள்ளை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்லுகது சரியாத்தான் இருக்கும். அதனாலதான் சொல்லுகேன், இத வெளிய பேசாத."

"வண்டில தண்ணி விடாண்டாம்னு அய்யருட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், மொதலாளி."

"எனக்க வேலக்காரன் தொட்டத கழுவாதேயும்னா? கோயிலச் சர்க்காரு தொறந்தாச்சு. வீட்ட ஆரு தொறந்தா? அக்ரகாரத்துல இருந்து எட்டு வண்டி வருது நமக்கு." எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "அடுத்த மட்டம் பூதலிங்கம் தொடட்டும். நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கொடு. வேல போகாம நான் பாத்துக்கிடுகேன்."

ஒன்பதாம் நாள் வண்டி வந்தது. சத்தியநேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எந்த ஸ்குரூவை முதலில், கார்பனை எந்தப் பக்கமாகப் பிடித்து, உப்புத்தாளை எவ்வளவு அழுத்தி. பூதலிங்கத்துக்கு டைனமோ தெரியாது. ஒரு ஸ்பிரிங்கை இரண்டு தடவை தவறவிட்டான். குனிந்து எடுக்கப்போன சத்தியநேசன் நடுவில் நிறுத்திக்கொண்டு, "அங்க, சக்கரத்துக்குக் கீழ" என்றான். ஒருமணி நேர வேலைக்கு ஒரு பகல் ஆயிற்று. சீட்டின் அடியில் பூதலிங்கம் என்று பெயர் எழுதினார்கள். அந்தப் பெயர் தொட்டதற்கு வலியசாலையில் இரண்டு சொட்டுத் தெளித்தால் போதும்.

பதினேழு நாள் ஆயிற்று. மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து நீலகண்டய்யர் கைக்கட்டு இல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு வந்தார், எண்ணெய் மாற்ற.

"பிள்ளைவாள், பூதலிங்கம் கை வச்சப்புறம் ஒருநாள்கூட விளக்கு அணையலை. ஆளைப் பொறுத்திருக்கு, பாத்தேளா?"

இரண்டு கெஜ தூரத்தில் சத்தியநேசன் ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. "ஆமா சாமி, ஆளைப் பொறுத்தாக்கும்" என்றார்.

அதன்பின் அக்ரகாரத்து வண்டிகள் பூதலிங்கத்தைக் கேட்டு வந்தன. பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். பூதலிங்கம் முதலில் ஒவ்வொன்றுக்கும் அவனைக் கூப்பிட்டான், பிறகு எப்போதாவது, பிறகு தானே டைனமோவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கத் தொடங்கினான். சித்திரையில் பிள்ளை சத்தியநேசனிடம், "நான் என்ன செய்ய? வாறவனெல்லாம் அவனைக் கேக்கான்" என்றார். ராகேலின் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம்.

நகரத்தின் மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் அவன் பெயரைச் சொன்னதும், "நாலு மட்டம் பாத்தும் அய்யருக்க வண்டி நேராகல்ல, அந்த ஆளு அல்லே?" என்று கேட்டார்கள். அவனுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. அதைக் கேட்டால் எந்த ஒர்க்‌ஷாப்காரனும் அவனை வைத்துக்கொள்ளமாட்டான். ஒரு இடத்தில் மட்டும் சொன்னான். அவர்கள், இன்னொரு நாள் வந்து பாரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரேடியோக் கடையின் பின்னறையில், பாட்டரிகளுக்கு ஆசிட் கலந்து ஊற்றும் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை. அடுத்த வருஷம் அவன் விரல் நுனிகளில் தோல் வெந்து தடித்துவிட்டது. உள்ளங்கையில் சூடு தெரிவது நின்றது. இருமல் அதற்குப் பிறகு வந்தது. யுத்தம் தொடங்கிய மூன்றாம் வருஷம் இறந்தான். ராகேல் குழந்தையோடு பாறசாலைக்குப் போனாள்.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு ஒரு சாயங்காலம் கரமனைப் பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றன. அவன் அருகில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு நின்றது. நீலகண்டய்யர் அவனைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தியநேசன் குனிந்து மீட்டரைப் பார்த்தான். அய்யர் கைப்பிடியைத் திருகினார். முள் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்தது.

"தள்ளுப்பா" என்றார் அய்யர்.

அவன் கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.