கடைசி வரிசைக் கேமரா

நடந்ததுதான். நம்பாதவர்கள் முத்துப்பேட்டை கலந்தரையே கேட்கலாம். கேமரா மாட்டுகிற தொழிலை அவர் அதன் பிறகு தொடவே இல்லை.

துபாயிலிருக்கும் முகம்மது யூசுப்புக்கு ஊரில் இறால் பண்ணை. அங்கிருந்தே பார்க்க வேண்டுமென்று கேமராக்களைக் கூட்டிக்கொண்டே போனார். அத்தனை படத்தையும் ஒரே நேரத்தில் ஓட்ட, அலுவலகத்தில் இருந்த பதிவுப் பெட்டிக்குத் திராணி இல்லை. சுமை மீறினால், வரிசையில் கீழே உள்ள கேமராவை அது கைவிட்டுவிடும். திரையில் பழைய படமே உறைந்து நிற்கும். எது மேலே, எது கீழே என்று வைத்தவர் கலந்தர்தான். வாசல், கிடங்கு, தீவனக் கொட்டகை மேலே. பின்குளம் கடைசி.

அந்தப் பின்குளத்தில்தான் தீவனம் போடப் போன பூவம்மாள் வழுக்கி விழுந்தாள். குளத்து நீரைக் கலக்கும் காற்றாடியின் இரைச்சலில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தேடி எடுத்தபோது உயிர் இல்லை.

"திரையைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேண்ணே. கரையில யாருமே இல்லையே" என்று கலந்தரிடம் அழுதாள், அலுவலகத்தில் திரையைக் கவனிக்கும் கமலவல்லி.

கலந்தருக்குக் காரணம் தெரியும். வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் பெரிய பெட்டி மாற்றப் போனார். அலுவலகத்தில் ஆளில்லை. வெளியே கொட்டுகிற மழை.

பழைய பெட்டியை அணைக்கக் கை நீட்டினார். வாசல் படம் உறைந்தது. பிறகு கிடங்கு. பிறகு கொட்டகை... மேலிருந்து ஒவ்வொன்றாக.

கடைசி மட்டும் ஓடியது.

பின்குளம். அங்கே மழை இல்லை. சுள்ளென்று வெயில்.

கரையில் கவிழ்ந்த தீவனக் கூடை.

சளப்... சளப்...

அந்தக் கேமராவில் மைக் கிடையாது.

ஒரு கை கரைச்சேற்றைப் பிராண்டியது. வழுக்கியது. மறுபடி பிடித்தது...

பெட்டியின் மின் வயரைப் பிடுங்கினார்.

படம் நிற்கவில்லை.

"தம்பி... பார்க்குறீங்களா?" திரைக்குள்ளிருந்து பூவம்மாளின் குரல்.

மழையில் ஓடினார். நேராகப் பூவம்மாளின் புருஷன் சிங்காரவேலு வீட்டுக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில் வைத்தது, உறைந்த படம், மறைத்தது, இப்போது கண்டது.

சிங்காரவேலு கையை விடுவித்துக்கொண்டார்.

"எந்தக் கேமராவுல பார்த்தீங்க?"

"பின்குளத்துக் கேமராண்ணே."

சிங்காரவேலு உள்ளே போனார். எதையோ கொண்டுவந்து கலந்தர் முன்னால் போட்டார். நொறுங்கிய கண்ணாடி. அறுந்த வயர்.

"அவளைத் தூக்குன அன்னைக்கே நான் இதைப் பிடுங்கிட்டு வந்துட்டேன் தம்பி. அங்க கேமராவே இல்ல."